மாஸ்ட் அடியில் நின்று முருகனைத் திட்டினேன்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கந்த சஷ்டிக்குக் காப்புக் கட்ட இன்னும் ஐந்து நாள் இருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு ரங்கத் ஹெலிபேடின் ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே ஸ்ட்ரெச்சரில் என் தங்கை மல்லிகா. எட்டு மாதக் கர்ப்பிணி. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. விடியும் நேரத்தில் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. ஊசி போட்டு அடக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் உத்தரவாதம் இல்லை, உடனே போர்ட் பிளேருக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஹெலிகாப்டரும் கிளம்பிவிட்டது. மழை பெய்துகொண்டிருந்தது. நான் ரேடியோ அறையில் மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வருகிற ஹெலிகாப்டரோடு தரையிலிருந்து பேசுவது, பேசுகிற கருவியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது, இரண்டும் என் உத்தியோகம்.

மேகம் தாழ்ந்திருந்தால் பைலட் கடலோரமாகத் தாழப் பறந்து வருவார். அப்போது போர்ட் பிளேர் குரல் மலைகளுக்குப் பின்னால் போய்விடும். அவருக்கு மிச்சமிருப்பது என் குரல் ஒன்றுதான். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு உயரத்தில், குன்று தெரிகிறதா இல்லையா, இதையெல்லாம் நான் சொன்னால்தான் அவர் உள்ளே வரலாம். சொல்லாவிட்டால் வரக்கூடாது. அது சட்டம். நல்ல சட்டம்.

பைலட் கூப்பிட்டார். கரகரப்புக்கு நடுவில் அவர் குரல் எனக்கு வந்தது. நான் பதில் சொன்னேன். அவர் மறுபடி கூப்பிட்டார். நான் மறுபடி சொன்னேன். கத்தியும் சொன்னேன், கத்தினால் ரேடியோவுக்கு நன்றாகக் கேட்கும் என்று நினைக்கிற பாமரனைப் போல. மூன்றாம் முறை அவர், "ரங்கத், நீங்கள் பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திரும்புகிறேன்" என்றார்.

மேகத்துக்குள் எங்கோ ஹெலிகாப்டர் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. பிறகு அது தேய்ந்து தேய்ந்து போவதும் கேட்டது.

நான் மைக்கை வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினேன். மல்லிகாவின் முகம் வீங்கிக் கண்கள் சின்னதாகியிருந்தன. அவள் புருஷன் செந்தில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன அண்ணா, போயிடுச்சா?"

"வந்துரும்மா. மழை கொஞ்சம் விடட்டும்."

"உன் ரேடியோ பக்கா உன்ன மாதிரியேதான் இருக்கு. சோத்துக்கு மட்டும் வாயத் தொறக்குது."

அந்த நிலைமையிலும் அவளுக்கு என்னைக் கிண்டல் பண்ண முடிந்தது. எங்கள் குடும்ப வியாதி அது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். முப்பத்தெட்டு இன்ச் இடுப்பு உள்ளவன் அழுவது பார்க்கச் சகிக்காது. அதனால்தான் வண்டிக்குப் பின்னால்.

என் பெயர் கதிரேசன். நம் கோயில் மலரை வாசிக்கும் உங்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். அன்னதானத்தில் பரிமாற வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று பந்தியிலும் உட்கார்ந்திருக்கும் ஆசாமி நான்தான். நம் கோயில் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தினால் எல்லாரும் திரும்பி முறைப்பதும் என்னைத்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்கு அரசாங்கச் செலவில் கப்பலேறி வந்தவர். வெள்ளைக்காரன் வரும்போது டிக்கெட் எடுத்தான், திரும்பும் டிக்கெட்டை மறந்துவிட்டான். அப்படி வந்து வேர்விட்ட குடும்பம். முருகனை நாங்கள் விட்டதில்லை. முருகனும் எங்களை விட்டதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரேடியோவின் தொல்லை அன்றைக்கு ஆரம்பித்தது இல்லை. தைப்பூசத்தன்று மாஸ்ட் உச்சியில் புது ஆன்டெனா பொருத்தினோம். மாஸ்ட் என்றால் நாலு மாடி உயர இரும்புச் சட்டம். அதன் உச்சியில் ஆன்டெனா. அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் கீழே என் அறைக்கு வரும். வெயில் காலம் முழுக்க என் குரல் மணி மாதிரி இருந்தது. வைகாசியில் மழை பிடித்தது, குரல் போயிற்று. வெயில் அடித்தால் வரும். மழை பெய்தால் போகும். மேலே ஏறி, கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஒரு மாதம் ஒழுங்காக இருக்கும். பிறகு பழைய கதை. மூன்று தடவை அப்படிச் செய்தேன். மெயின்லேண்டிலிருந்து இன்ஜினியர்கள் வந்து செட்டை மாற்றினார்கள், பவர் சப்ளையை மாற்றினார்கள், எர்த் கம்பியை மாற்றினார்கள். உச்சியிலிருக்கும் இணைப்பை யாரும் தொடவில்லை. நான் அவ்வளவு அழகாக டேப் சுற்றி வைத்திருப்பேன். "அது புதுசாத்தான் இருக்கு" என்று கீழேயிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பைலட்கள் என் ஸ்டேஷனுக்கு ஊமை ஸ்டேஷன் என்று பெயர் வைத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை அந்த இணைப்பைச் சரிசெய்யும்போதும் நம் கோயில் சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையில் பெட்டிக்கு வைக்கிற மாதிரி, உச்சியில் இணைப்புத் திருகிலேயே வைப்பேன். அது மழையில் கரைந்துவிடக் கூடாதே என்று, அதற்கு மேல் ரப்பர் டேப்பை இறுக்கி நாலு சுற்று. காற்றுப் புகாது. எறும்பு புகாது. முருகனை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம்.

போர்ட் பிளேரிலிருந்து எங்கள் மேலதிகாரி, பெரிய சாப், போனில் வந்தார். நல்ல மனிதர். விதிப்புத்தகத்தோடு தூங்கி விதிப்புத்தகத்தோடு எழுந்திருப்பவர்.

"கதிரேசன், ஸ்டேஷன் வேலை செய்யவில்லை என்று எழுதி அனுப்பிவிடு. வியாழக்கிழமை இன்ஜினியர் வருகிறார். அதுவரை மாஸ்ட்டைத் தொடாதே, மழை."

"சாப், பேஷண்ட் இருக்காங்க."

"ரோட்டில் அனுப்பச் சொல்."

"சாப், பேஷண்ட் என் தங்கச்சி."

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார். பிறகு சொன்னார்: "பைலட் இன்னொரு முறை வரத் தயாராக இருக்கிறார். ஆனால் பன்னிரண்டரைக்குள் உன் சிக்னல் சரியாக இருக்கிறது என்று நிரூபணம் வேண்டும். அதற்கப்புறம் கிளம்பினால் இந்த மேகத்தில் திரும்ப முடியாது. நிரூபணம் இல்லையென்றால் ரோடுதான். புரிகிறதா?"

புரிந்தது. ரோடு என்றால் எங்களுக்குத் தெரியும். காட்டுச் சாலையில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துத்தான் விடுவார்கள், அந்தக் கான்வாய் வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். கடல்கழியில் ஆம்புலன்ஸைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். பாதி நாள் போய்விடும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஏழு மணி நேரம் குலுங்கிக்கொண்டே போனால் வழியிலேயே வலிப்பு வரும். படகில் வைத்து நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

மணி பத்தே கால்.

செட்டை இன்னொரு முறை சோதித்தேன். செட் நன்றாக இருந்தது. கையில் பிடிக்கிற சின்னச் செட் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அது பேசும். வந்த பிறகு பேசி என்ன பிரயோசனம்? வெளியே வந்து மாஸ்ட் அடியில் மழையில் நின்றேன். குடையும் இல்லை. மாஸ்ட்டிலிருந்து கேபிள் அறைக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருப்போம், அதில் வழிகிற மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் அங்கேயே சொட்டட்டும் என்று. அந்த வளைவுக்குக் கீழேதான் நின்றிருந்தேன்.

அங்கே நின்று நான் செய்ததைப் பிரார்த்தனை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாய்விட்டு, சத்தமாக, மேலே பார்த்துக் கத்தினேன்.

"ஏன்டா முருகா! உனக்குக் கண்ணு பன்னெண்டு. ஒரு கண்ணுலகூடவா எங்க ஆம்புலன்ஸ் தெரியல? காது பன்னெண்டு. ஒரு காதுலகூடவா அந்தப் பொண்ணு மொனகுறது விழல? நீயே மயில்ல பறக்கிறவன். மேல போறவனுக்குக் கீழ இருக்கிறவன் கொரலு எவ்ளோ முக்கியம்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? உனக்கு என்ன கொறை வெச்சேன்? வாரா வாரம் வந்தேன். மொட்ட போட்டேன். இந்தக் கம்பத்து உச்சியிலகூட உன்னத்தான கொண்டு போயி வெச்சிருக்கேன்! கேட்டுக்கோ. இன்னிக்கு அவ ஏறிப் போகலன்னா சஷ்டிக்குக் காப்புக் கட்ட மாட்டேன். உன் கோயிலுக்கு ஸ்பீக்கரும் கட்ட மாட்டேன். ஆறு நாளும் ஊமையா உக்காந்திரு. கூப்பிட்டும் பேச முடியலன்னா எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியட்டும்!"

தீயணைப்பு வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மண்டல் தா அங்கே ரெயின்கோட்டில் நின்றிருந்தார். பெங்காலி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் 'தா', அவர்கள் பேச்சில் அண்ணன். நான் கத்தியது தமிழில் என்றாலும் முருகா என்பது அவருக்குப் புரியும்.

"அரே கதிர் பாய்! பகவானையா திட்றே? பாகல் ஹோ கயா க்யா?"

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்கிறார். "ஆமா தாதா, பிடிச்சிருச்சு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பார்த்து அலறினார்.

"கூன்! கூன்!"

ரத்தம் என்கிறார். பார்த்தேன். என் இடது சட்டைக் கையில் பெரிய சிவப்புச் சொட்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேபிள் வளைவிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது. எங்கேயாவது வெட்டிக்கொண்டேனா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. மோந்து பார்த்தேன். குங்குமம். கூடவே சந்தன வாசனை. நம் கோயில் வாசனை, அடியார்களே, எந்த மழையிலும் எனக்குத் தெரியும்.

மேலே பார்த்தேன். கேபிள் நெடுக உச்சியிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஈரச் சந்தனம். அதன்மேல் காற்றுப் புகாத டேப். ஈரம் வெளியே போக வழியே இல்லாமல், மாதக்கணக்கில், என் கையால், என் பக்தியால், நானே பூட்டி வைத்திருக்கிறேன். சரிசெய்யும்போதெல்லாம் நன்றி சொல்கிறேன் என்று புதிதாக ஈரத்தை வைத்து மூடியிருக்கிறேன். இன்ஜினியர்கள் தேடித் தேடி அலுத்துப்போன அந்தக் கோளாறு நான்தான். என் தங்கையை ஆம்புலன்ஸில் படுக்க வைத்திருப்பதும் நான்தான். நியாயம் கேட்கிறேன் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது ஒரு பாவமும் அறியாத சாமியை.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. இடி இல்லை. செட்டை அணைத்தேன். கதவில் 'மேலே ஆள் இருக்கிறது, போடாதே' என்ற பலகையைத் தொங்கவிட்டேன். மண்டல் தா கயிற்றைப் பிடித்துக்கொள்ள வந்தார். பெல்ட்டின் கடைசி ஓட்டைக்கும் என் தொப்பைக்கும் நெடுநாள் பகை. அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாதானம் பண்ணி வைத்தேன்.

அப்போது போன் அடித்தது. பெரிய சாப்.

"கதிரேசன், இன்னும் எழுதி அனுப்பவில்லையே? மாஸ்ட்டில் ஏறவில்லையே நீ?"

ஒரு காலைப் படியில் வைத்திருந்தேன். "ஹலோ? ஹலோ சாப்? கேக்கல சாப்! சிக்னல் கட் கட்டா வருது!" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் வேண்டுமென்றே நான் கெடுத்த ஒரே சிக்னல் அது. அதற்கும் சேர்த்து இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திரும்ப அப்படி ஒரு நாள் வந்தால் திரும்பவும் செய்வேன்.

ஏறினேன். கம்பி வழுக்கியது. ஒவ்வொரு நாலு படிக்கும் கொக்கியை மாட்டி மாட்டி ஏறினேன். உச்சியில் போய்ப் பார்த்தால், டேப்பின் கீழ் ஓரம் அரை விரல் அளவு விட்டிருந்தது. அந்த வாய் வழியாகத்தான் சிவப்பு ஒழுகியது. அத்தனை மழைக்கும் கெட்டியாக ஒட்டியிருந்த டேப். பிரித்தேன். சந்தனம் களிம்பாகியிருந்தது. குங்குமம் கறுத்துப் போயிருந்தது. திருகு நெடுகப் பச்சை பூத்திருந்தது. உள்ளே நடு ஊசியைச் சுற்றி ஈரம். என் குரல் வானத்துக்குப் போகாமல் இந்தச் சேற்றில்தான் செத்திருக்கிறது.

கேபிளின் நுனியை ஒரு சாண் வெட்டி எறிந்தேன். பையில் ஒரே ஒரு புது இணைப்பு இருந்தது. அது கீழே விழுந்தால் எல்லாம் முடிந்தது. வாயில் கவ்விக்கொண்டு கேபிளைச் சீவினேன். பொருத்தினேன். துணியால் துடைத்து உலர்த்தினேன். இறுக்கினேன்.

டேப்பை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். விரலில் பட்டது குங்குமப் பொட்டலம். பழக்கம்! கை தானாகவே அங்கே போய்விட்டது.

இப்போது சொல்வதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்தும் அந்தக் கை திரும்பி வர மாட்டேன் என்றது. பொட்டு வைக்காமல் மூடினால் ஏதோ ஆகிவிடும், இவ்வளவு திட்டிவிட்டுப் பொட்டும் வைக்காமல் போனால் அவன் சும்மா விடுவானா என்று ஒரு பயம். இத்தனை வருஷமாக நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இந்தப் பயம்தான் என்று அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. மாஸ்ட் உச்சியில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா இது? எனக்கு அங்கேதான் தெரிந்தது.

"நீ உள்ள வேணாம். வெளிய நில்லு. நின்னு பாரு" என்று முருகனிடம் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. காய்ந்த இணைப்பின்மேல் காய்ந்த டேப்பைச் சுற்றினேன். இறங்கினேன்.

மணி பன்னிரண்டாக எட்டு நிமிடம்.

செட்டைப் போட்டேன். போர்ட் பிளேரைப் போனில் பிடித்துச் சொன்னேன். அப்போதுதான் அங்கிருந்து மேலேறியிருந்த ஒரு பயணிகள் விமானத்தை என் அலைவரிசையில் கூப்பிடச் சொன்னார்கள். மைக்கை எடுத்தேன். கூப்பிட்டேன். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. அந்த இரண்டு விநாடியில் என் தலையில் எத்தனை முடி நரைத்தது என்று வீட்டில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

"ரங்கத், ஐந்துக்கு ஐந்து. மணி மாதிரிக் கேட்கிறது" என்றார் முகம் தெரியாத அந்தப் பைலட்.

தூறலில்தான் கேட்டது. கவனியுங்கள். ஈரத்தில்!

மதியம் ஒரு மணி தாண்டி ஹெலிகாப்டர் வந்தது. அது வரும்போது மழை மறுபடி வலுத்துவிட்டது, என்னைச் சோதிப்பது போல. பைலட் கூப்பிட்டார். சொன்னேன். உடனே பதில் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். காற்று, மேகம், குன்றின் தலை தெரிகிறது, இப்போது மறைகிறது, இப்போது தெரிகிறது, இடப்பக்கமாக வாருங்கள். ஒரு வார்த்தை உடையவில்லை. கடைசியில் அவர், "ஊமை ஸ்டேஷன் இன்றைக்கு நன்றாகவே பேசுகிறது!" என்றார். நான் மைக்கிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நல்ல வேளை, அந்த நிமிடம் அவருக்கு என் குரல் தேவைப்படவில்லை. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது.

நான் எழுந்து போகவில்லை. அது மறுபடி மேலேறி மலையைத் தாண்டும்வரை மைக்கை விட்டு நகரக்கூடாது. என் கூடப் பிறந்தவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன். செந்தில் பக்கத்தில் ஓடினான். மண்டல் தா தன் ரெயின்கோட்டைக் கழற்றி அவள்மேல் பிடித்துக்கொண்டு ஓடினார். அவள் கண் திறந்திருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆபரேஷன். பெண் குழந்தை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்ததாம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறது. அழுகிற சத்தத்துக்கு ஆன்டெனாவே தேவையில்லை.

இனிமேல்தான் எனக்கு வம்பு.

என்ன கோளாறு என்று அறிக்கை கேட்டார்கள். எழுதினேன். பெரிய சாப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "கதிரேசன், 'இணைப்பில் ஈரம் புகுந்தது' என்று மட்டும் எழுது. போதும். உனக்கும் நல்லது" என்றார். என்மேல் அன்பில்தான் சொன்னார். மாட்டேன் என்றேன். "ஈரம் தானா புகல சாப். நான் புகுத்தினேன். வேற ஸ்டேஷன்லயும் என்னை மாதிரி ஒரு பக்திமான் இருந்தா?" என்றேன். எனக்கு ஒரு மெமோ வந்தது. எல்லா ஸ்டேஷனுக்கும், ஆன்டெனா இணைப்புகளில் எதையும் பூசக்கூடாது என்று சுற்றறிக்கை போயிற்று. இன்னும் இரண்டு தீவுகளில் டேப்புக்குள்ளே சந்தனம் இருந்ததாகக் கேள்வி. தீவுக்குத் தீவு எனக்குத் தம்பிகள் இருக்கிறார்கள்.

மல்லிகாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் குழந்தையோடு ரங்கத் திரும்பிய மறுநாள் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அன்றைக்குக் காலையில் ஹெலிகாப்டர் திரும்பிப் போனதற்குக் காரணம் என் கைதான் என்றேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் அழ ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒளிந்துகொள்ள வண்டி எதுவும் இல்லை.

"பஸ், போதும் அண்ணா. புள்ள பயந்துரும்" என்றாள்.

"என்ன மன்னிச்சிரும்மா."

"மன்னிப்பெல்லாம் நீ திட்டினியே, அவன்கிட்டப் போயிக் கேளு. எனக்கு ஒண்ணு பண்ணு. மழை நாள்ல லீவு போடாத. என்ன மாதிரி எவளாவது அங்க படுத்திருப்பா."

அதிலிருந்து மழை நாளில் நான் லீவு போட்டதில்லை. முன்பெல்லாம் கும்பிட்டுவிட்டு, சரியாக இருக்கும் என்று நம்பிவிடுவேன். இப்போது முதலில் அளந்து பார்க்கிறேன், மாதம் ஒருமுறை உச்சிக்கு ஏறிப் பிரித்துப் பார்க்கிறேன், பிறகு கும்பிடுகிறேன். சஷ்டிக்குக் காப்புக் கட்டினேன். ஸ்பீக்கரும் கட்டினேன். கடைசி நாள் அது கீச்சென்று கத்தியதற்கு நான் பொறுப்பில்லை, வயர் பழசு.

இதை எழுதிக் கொடுத்ததும் நம் கோயில் செயலாளர் அண்ணாச்சி முகம் சுளித்தார். "தம்பி, முருகன் காப்பாத்தினார்னு எழுதுங்க. ரொம்ப நல்லது. சாமி பொட்டாலதான் கெட்டுச்சுன்னு எழுதணுமா? நாலு பேரு நம்மளப் பாத்து சிரிக்க மாட்டானா?" என்றார்.

சிரிக்கட்டும் அண்ணாச்சி. நானே சிரிக்கிறேன். பொட்டின் பெருமையை எழுதுவதற்கு நான் பேனா எடுக்கவில்லை. முருகன் என் பொட்டுக்குள் அடைபட்டவன் இல்லை என்று எழுதத்தான் எடுத்தேன். அந்த வரிகளை வெட்டினால் முழுவதையும் வெட்டிவிடுங்கள் என்று சொன்னேன். வெட்டவில்லை. அண்ணாச்சிக்கு நன்றி.

இன்னொரு பக்கத்திலும் சிரிக்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் கேட்டார்: "கெடுத்தது நீ, ஏறினது நீ, சரிசெய்தது நீ. இதில் முருகன் எங்கே வந்தார்?" நல்ல கேள்வி. அவருக்கு என் பதில் இதுதான். அத்தனை மழைக்கும் விடாத டேப், நான் வாய் திறந்து கேட்ட அந்த நிமிடத்தில் விட்டது. உச்சியிலிருந்து நாலு மாடி இறங்கி வந்த சொட்டு என் சட்டையில் விழுந்தது. தற்செயல் என்று சொல்வீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். அந்த மழையில் நின்றது நீங்கள் இல்லை, நான். நான் கேட்டேன். அவன் காட்டினான். இதிலிருந்து என்னை எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் இப்போது ஏதாவது ஒரு கதவு அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டுகூட இதை நீங்கள் வாசிக்கலாம். பயந்து பயந்து முணுமுணுக்காதீர்கள். உரிமையோடு கேளுங்கள். சண்டை போட்டுக் கேளுங்கள். திட்டினால் கோபித்துக்கொள்ளும் சாமி இல்லை நம் முருகன், நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதே அதற்குச் சாட்சி. ஆனால் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அவன் காட்டுவது உங்கள் கைத்தவறாகவே இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். வெட்கத்தைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறுங்கள். அவன் கயிற்றை விடமாட்டான்.